நாலு பங்காளிகள் சாளை போட்ட கதை

கோணப்பாளையத்துக்காரர்களை யாராவது முட்டாள்கள் என்று சொன்னால் எனக்குப் பொறுக்காது. அவர்கள் சொல் தவறாத மனிதர்கள். ஒருவர் ஒன்றைச் சொன்னால் அதை அப்படியே செய்வார்கள். சொன்னதற்கு மேலே ஒரு பிடி கூட்டவும் மாட்டார்கள், கீழே ஒரு பிடி குறைக்கவும் மாட்டார்கள். உலகத்தில் பாதிச் சண்டை, சொன்னது ஒன்று செய்தது ஒன்று என்று ஆவதால்தான் வருகிறது. கோணப்பாளையத்தில் அந்த வகைச் சண்டைக்கு இடமே இல்லை. வேறு வகைச் சண்டைகள் உண்டு.

அந்த ஊரில் நாலு பங்காளிகள் ஒரு தக்காளித் தோட்டத்தைப் பொதுவில் வைத்துப் பாடுபட்டு வந்தார்கள். மூத்தவர் நாச்சிமுத்து, யோசிப்பது அவர் பொறுப்பு. அடுத்தவன் குட்டியப்பன், எதைச் சொன்னாலும் அதில் ஒரு சந்தேகம் கேட்பான். மூன்றாவது மாரப்பன், கடைசியாக யார் பேசினாரோ அவர் சொன்னதே சரி என்பான். நாலாவது செங்கோடன். ஆள் நல்ல நெட்டை. நிலைப்படியில் இடித்து இடித்தே நெற்றி தழும்பேறிப் போனவன். மனசு மட்டும் இலவம் பஞ்சு. இந்தக் கதை பெரும்பாலும் அவனுடையது, ஏனென்றால் இதில் பாடாய்ப் பட்டது அவன் வீடு.

தோட்டத்துக்குக் கிட்டத்தில் இருந்தது செங்கோடன் வீடுதான். ஒரு அறை, ஒரு அடுப்படி, செங்கல் சுவர், மேலே ஓடு. தோட்டத்துச் சாமானை எங்கே வைப்பது என்று ஆரம்பத்தில் பேச்சு வந்தபோது, கிட்டத்தில் வைப்பதுதான் புத்தி என்று நாச்சிமுத்து சொல்லிவிட்டார். ஆக மண்வெட்டிகள், கடப்பாரை, மருந்தடிக்கும் டேங்க், கண்டமேனிக்குச் சுருட்டிய ஓஸ் பைப்பு, தக்காளிப் பெட்டிகள், புண்ணாக்கு மூட்டை எல்லாம் செங்கோடன் வீட்டுக்குள் குடிவந்தன. வந்து பதினோரு வருஷம் ஆயிற்று.

செங்கோடன் பெண்சாதி பாவாத்தா பொறுமைசாலி. வெளியூரிலிருந்து வாழ வந்தவள். அந்தச் சாமான்களை நகர்த்தச் சொல்லிக் கேட்டுப் பார்த்து அலுத்து, கடைசியில் ஒரே ஒரு சட்டம் மட்டும் போட்டிருந்தாள். எதை எடுத்தாலும் எடுத்த இடத்தில் திருப்பி வைக்க வேண்டும். அவள் இருட்டிலும் தட்டாமல் தடுக்காமல் நடமாடியது அந்தச் சட்டத்தின் தயவால்தான்.

புரட்டாசி மாதம் முதல் வாரத்தில் ஒரு நாள் சோற்றுப் பானையை இறக்கிவிட்டுத் திரும்பியவள், சுவரில் சாத்தியிருந்த மண்வெட்டியின் இலையை மிதித்துவிட்டாள். காம்பு எழுந்து வந்து நெற்றிப் பொட்டில் ஒரு போடு போட்டது. பாவாத்தா நெற்றியைத் தடவிப் பார்த்தாள். பிறகு துணிகளை ஒரு பையில் எடுத்து வைத்தாள்.

"ஏனுங்க, நல்லாக் கேட்டுக்கங்க" என்றாள். "இந்தத் தோட்டத்துச் சாமானமும் இந்த ஊடும் என்னிக்குப் பிரியுதோ, அன்னிக்கு நான் வாரேன். தீவாளி வரைக்கும் பார்ப்பேன். அதுக்கு மேலயும் ஒண்ணாவே கெடந்துச்சுன்னா நான் எங்கண்ணன் ஊட்லயே இருந்துக்கறேன்."

அவளுக்கு விளையாட்டுக்குச் சொல்லும் பழக்கம் கிடையாது. அவன் வாசலில் நின்று பஸ் போகும்வரை பார்த்தான். பிறகு உள்ளே வந்து மண்வெட்டியைப் பார்த்தான். அது விழுந்த இடத்தில் கிடந்தது. எடுத்துப் பழைய இடத்தில் சாத்தி வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அழுதான்.

மறுநாள் காலையில் பங்காளிகள் கூடினார்கள். தோட்டத்திலேயே ஒரு சாளை போட்டுச் சாமான்களை அதில் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நாச்சிமுத்து சொன்னார். தோட்டத்தில் போடும் சின்னக் கொட்டகையை அந்தப் பக்கம் சாளை என்பார்கள். யோசனை நல்ல யோசனைதான். ஆனால் அந்த வருஷம் தக்காளி விலை போன போக்கில் பறித்த கூலிக்கே கட்டவில்லை. நாலு பேர் மடியையும் உதறினால் தூசிதான் விழும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

ஆகவே நாலு பேரும் பக்கத்து ஊர் மேஸ்திரி ராக்கியண்ணனிடம் போனார்கள். அவர் கல்யாண மண்டபம் ஒன்றின் சாரத்தில் நின்று பூசிக்கொண்டிருந்தார். வேலைக்கு வர அவருக்கு நேரமில்லை, கூலி கொடுக்க இவர்களுக்கு வழியில்லை. புத்தி சொல்லக் காசு வேண்டாம் என்பதால் மேலே இருந்தபடியே சொன்னார்.

"காசில்லாட்டி என்னப்பா? புதுசா ஒண்ணும் வாங்காதீங்க. ஊட்ல சும்மா கெடக்கற சாமானத்தை எடுத்துப் போட்டுக் கட்டுங்க. அளவு மட்டும் மொதலேருந்து கடைசி வரைக்கும் ஒண்ணா இருக்கோணும், நடுவுல அளவுகோலை மாத்தீராதீங்க. அப்பறம் ஒண்ணு, வேலை முழுசா முடியற வரைக்கும் உள்ளே எதையும் கொண்டு வெக்காதீங்க. ஈரச் சொவத்துல சாத்துனாச் சொவரு போயிரும்."

நாலு பேரும் ஆளுக்கொரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டார்கள். மாரப்பன் பஸ்ஸில் வரும்போது தன் வாக்கியத்தை மறந்துவிடாமல் இருக்க வாயைத் திறக்காமலே வந்தான். கண்டக்டர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

முதல் வேலை அளவெடுப்பது. டேப் வாங்கலாம் என்று செங்கோடன் சொன்னான். புதிதாக ஒன்றும் வாங்கக் கூடாது என்பதை நாச்சிமுத்து நினைவுபடுத்தினார். தையற்காரரிடம் இரவல் வாங்கலாம் என்றான். அது துணி அளக்கிற டேப், மண்ணை அளக்குமா என்று குட்டியப்பன் சந்தேகம் கேட்டான். கையால் முழம் போடலாமென்றால் நாலு பேர் கையும் நாலு நீளம். வெகுநேரம் யோசித்துவிட்டு நாச்சிமுத்து செங்கோடனை மேலும் கீழும் பார்த்தார்.

நம்மில் நீளமானவன் இவன்தான், இவனை வைத்து அளந்தால் குறைந்த தடவையில் வேலை முடியும் என்றார். சாமான்களை மனசில் கூட்டிப் பார்த்து, சாளைக்கு நீளம் இரண்டு செங்கோடன், அகலம் ஒன்றரைச் செங்கோடன் என்று தீர்மானம் ஆயிற்று.

செங்கோடன் தோட்டத்து மேட்டில் மல்லாந்து படுத்தான். உச்சந்தலையில் ஒரு குச்சி, குதிகாலில் ஒரு குச்சி. எழுந்து, குதிகால் குச்சியில் தலையை வைத்து மறுபடி படுத்தான். நீளம் இரண்டும் இப்படிச் சுலபமாக முடிந்தது. அகலத்துக்கு வந்தபோது குட்டியப்பன் தொண்டையைச் செருமினான்.

"ஒண்ணரைன்னா, அரைச் செங்கோடன் எதுங்கண்ணா? மேல் பாதியா, கீழ் பாதியா?"

இது சாதாரணக் கேள்வி இல்லை. மூவரும் படுத்திருந்த செங்கோடனைச் சுற்றிக் குந்தி உட்கார்ந்தார்கள். தலை இருக்கிற பாதிதான் உயர்ந்தது, அதற்குத்தான் மரியாதை என்றார் நாச்சிமுத்து. நடந்து போய் வேலை செய்வது கால்தானே, அதை விட்டுவிட்டால் பாவமில்லையா என்றான் குட்டியப்பன். மாரப்பன் முதலில் தலை என்றான், பிறகு கால் என்றான். நடுவில் கிடந்த செங்கோடன், எந்தப் பாதியாக இருந்தாலும் எறும்பு கடிக்கிறது என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தான். அளவுகோல் பேசக் கூடாது என்று அவனை அடக்கிவிட்டார்கள்.

கடைசியில் இரண்டு பாதிக்கும் குறை வராமல் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கிழக்குச் சுவருக்குத் தலைப் பாதி, மேற்குச் சுவருக்குக் கால் பாதி. அளந்து பார்த்ததில் மேற்குப் பக்கம் ஒரு சாண் நீண்டுவிட்டது. மேற்கில்தான் வெயில் அதிகம், அங்கே சுவர் கொஞ்சம் கூட இருப்பதே நல்லது என்றார் நாச்சிமுத்து.

அன்றிலிருந்து செங்கோடனுக்கு வேலை கிடையாது. அளவுகோல் கடைசிவரை மாறக் கூடாது என்பது மேஸ்திரி உத்தரவு. தலையில் சுமை தூக்கினால் ஒரு விரற்கடை அமுங்கிப் போவான் என்று தூக்க விடவில்லை. முடி வெட்டிக்கொள்ளவும் விடவில்லை. பெண்சாதி ஏக்கத்தில் ஆள் இளைத்துக்கொண்டே போகிறான், நீளமும் குறைந்துவிட்டால் என்ன செய்வது என்று குட்டியப்பன் பயந்தான். அதனால் மூன்று வீட்டிலிருந்தும் முறை வைத்து அவனுக்குச் சோறு வந்தது. செங்கோடன் மூன்று வீட்டுச் சோற்றையும் தின்றான். எதிலும் பாவாத்தா கைமணம் இல்லை. ஒவ்வொரு கவளத்துக்கும் அவளை நினைத்துக்கொண்டான், இருந்தாலும் மிச்சம் வைக்கவில்லை.

அடுத்தது, சும்மா கிடக்கிற சாமானைத் தேடுவது. நாச்சிமுத்து வீட்டில் தேடியபோது எதைத் தொட்டாலும் அவர் பெண்சாதி அது வேலையில் இருக்கிறது என்றாள். குட்டியப்பன் வீட்டிலும் அதே கதை. மாரப்பன் வீட்டில் மாரப்பனைத் தவிர சும்மா கிடப்பது எதுவும் இல்லை என்று அவன் பெண்சாதியே சொல்லிவிட்டாள். கடைசியில் செங்கோடன் வீட்டுக்கு வந்தார்கள்.

வாசலில் நின்று நாச்சிமுத்து கதவைக் கூர்ந்து பார்த்தார். பாவாத்தா போன நாளிலிருந்து இந்தக் கதவை யாராவது தட்டினார்களா என்று கேட்டார். யாரும் தட்டவில்லை. செங்கோடனும் பகலெல்லாம் தோட்டத்தில் படுத்துக் கிடப்பதால் திறந்து மூடவும் ஆள் இல்லை. அப்படியானால் கதவு சும்மாதான் இருக்கிறது என்று கழற்றிவிட்டார்கள். ஜன்னலும் அப்படியே வந்தது. கொடிக்கயிறு கூட வந்தது. ஈரத்துணி காயப்போட்டு எத்தனை நாளாயிற்று?

குட்டியப்பன் அண்ணாந்து பார்த்தான். மேலே ஓடு இருந்தது.

"ஓடு வேலையா இருக்குதுங்களே அண்ணா."

"என்ன வேலை?"

"மழைக்கு மறைப்பு."

"மழை எப்பப் பேஞ்சுது?"

குட்டியப்பன் விரல் விட்டு எண்ணினான். தை மாதத்தில் ஒரு தூற்றல் போட்டது. அதற்குப் பிறகு ஒரு சொட்டு இல்லை.

"அப்ப எட்டு மாசமா அது சும்மாத்தானே குந்தீட்டு இருக்குது" என்றார் நாச்சிமுத்து.

ஓட்டைப் பிரித்து, விட்டத்தையும் ஓடு தாங்கும் சரத்தையும் இறக்கினார்கள். செங்கோடனுக்கு மனசுக்குள் என்னவோ செய்தது. அது அவன் கல்யாணத்தின்போது வேய்ந்த ஓடு. ஆனால் ஒவ்வொரு ஓடும் தோட்டத்துக்குப் போகப் போக, பாவாத்தா ஒரு அடி கிட்டே வருகிறாள் என்று எண்ணிக்கொண்டான். அப்படி எண்ணியதும் அவனே நின்று, பார்த்து இறக்குங்கள், உடைந்துவிடப் போகிறது என்று எச்சரித்தான்.

ஓடு போனபின் சுவர் நின்றது. கொஞ்ச நேரம் மூவரும் அதைப் பார்த்தார்கள். சுவரின் வேலை கூரையைத் தாங்குவது, கூரை போய்விட்டது, இனி சுவர் எதைத் தாங்குகிறது என்று இந்தத் தடவை மாரப்பனே கேட்டுவிட்டான். பிறவியில் முதல் முறையாக அவன் சொந்தமாக ஒன்று சொல்லியிருக்கிறான் என்று மற்ற இருவரும் மெச்சினார்கள். சுவரையும் கடப்பாரையால் பெயர்த்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பாவாத்தா வீட்டில் இல்லையே தவிர, அவள் போட்ட சட்டம் இருந்தது. சுவரைப் பெயர்த்த கடப்பாரையைச் சாயங்காலம் ஆனதும் துடைத்து, எடுத்த மூலையிலேயே வைத்தார்கள். ஐந்தாம் நாள் அந்த மூலைச் சுவரும் போய்விட்டது. இருந்தாலும் மூலை இருந்த இடம் செங்கோடனுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் குறி தவறாமல் அங்கேயே கிடத்தினான். சாளை முடிகிற வரை அதற்குள் எதையும் கொண்டு வைக்கக் கூடாது என்பது மேஸ்திரி வாக்கு. ஆக மண்வெட்டி மண்வெட்டியின் இடத்திலும் மூட்டை மூட்டையின் இடத்திலும் வெட்ட வெளியில் ஒழுங்காக இருந்தன.

செங்கல் தோட்டத்துக்கு வந்து சேர்ந்ததும் சுவர் எழுப்ப ஆரம்பித்தார்கள். முதல் நாள் எழுப்பிய சுவர் மத்தியானத்துக்குள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. குட்டியப்பன் ஓடிப் போய் மேஸ்திரியிடம் கேட்டு வந்தான். நூல் பிடிக்காமல் கட்டினால் அப்படித்தான் வரும். இரண்டு பக்கமும் நூல் பிடியுங்கள், பிடித்த நூலைச் சுவர் முடிகிறவரை விடாதீர்கள் என்று அவர் சொல்லி அனுப்பியிருந்தார்.

கொடிக்கயிறு இதற்குப் பயன்பட்டது. ஒரு முனையை நாச்சிமுத்து பிடித்தார், மறுமுனையைக் குட்டியப்பன் பிடித்தான். விறைப்பாகப் பிடித்துக்கொண்டு, இனி கட்டலாம் என்று மாரப்பனிடம் சொன்னார்கள். மாரப்பன் சேறு குழைக்கப் போனான். அதற்குள் நாச்சிமுத்துவுக்குத் தாகம். கயிற்றை விடக் கூடாதல்லவா, மாரப்பன்தான் செம்பைத் தூக்கி வாயில் ஊற்ற வேண்டியிருந்தது. திரும்பிச் சேற்றில் காலை வைப்பதற்குள் குட்டியப்பன் மூக்கில் ஈ உட்கார்ந்தது. அதை விரட்டிவிட்டு வந்தால் நாச்சிமுத்துவுக்கு முதுகு அரித்தது. மத்தியானச் சோறு இருவருக்கும் ஊட்டி முடிக்கும்போது வெயில் சாய்ந்துவிட்டது. வீட்டுக்குப் போகும் நேரம் வந்ததும் கயிற்றைப் பிடித்தபடியே இருவரும் ஊருக்குள் போனார்கள். அவர்கள் வீடுகள் எதிரெதிரே இருந்ததால் அன்று அந்தத் தெருவில் மாட்டுவண்டி எதுவும் நுழைய முடியவில்லை.

மூன்று நாள் இப்படியே போயிற்று. சுவர் ஒரு வரிசைகூட ஏறவில்லை. கயிறு மட்டும் நொட்டை சொல்ல முடியாத அளவுக்கு நேராக நின்றது. அந்த வழியாகப் போனவர்கள் நின்று பார்த்துப் பாராட்டிவிட்டுப் போனார்கள்.

செங்கோடனுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. தீபாவளிக்கு நாள் நெருங்கிவிட்டது. நாலாம் நாள் அவன் எழுந்து வந்து கை கட்டி நின்றான்.

"அண்ணா, நான் படுத்தே கெடந்தா பாவாத்தா வரமாட்டா. ஒரு முனையை என்ற கையில குடுங்க."

"நீ அளவுகோலு" என்றார் நாச்சிமுத்து.

"கயித்தைப் புடிச்சு இழுத்தாக் கை நீண்டு போயிருமே" என்றான் குட்டியப்பன்.

"கை நீண்டா நீளட்டுமுங்க. தலைக்கும் காலுக்கும்தானே அளந்தீங்க" என்றான் செங்கோடன்.

மனிதன் தவிப்பில் பேசினாலும் கணக்குச் சரியாகத்தான் இருந்தது. கயிறு கைமாறியது. குட்டியப்பனும் மாரப்பனும் கல் வைத்தார்கள், சுவர் மளமளவென்று எழுந்தது. நாச்சிமுத்து குட்டை, செங்கோடன் நெட்டை. ஆளுக்கு மார்பளவில் பிடித்ததால் கயிறு ஒரு பக்கம் தாழ்ந்தும் ஒரு பக்கம் உயர்ந்தும் இருந்தது, சுவரும் அதை ஒட்டியே ஏறியது. மழைத்தண்ணி வழிந்தோட இந்தச் சரிவு நல்லது என்று நாச்சிமுத்து கீழே இருந்து சொன்னார். மிஞ்சிய செங்கல்லை வீணாக்க மனசில்லாமல் சுவரை இரட்டைக் கனத்தில் கட்டினார்கள். மேற்கில் ஒரு சாண் நீளம், தெற்கில் ஒரு முழம் உயரம். அதன் மேல் அந்தப் பழைய விட்டமும் ஓடும் எப்படியோ பொருந்தி உட்கார்ந்தன. எப்படிப் பொருந்தின என்று எனக்குத் தெரியாது. பிற்பாடு வந்து பார்த்த மேஸ்திரியும் தனக்குத் தெரியாது என்றுதான் சொன்னார்.

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது கதவு மாட்டி வேலை முடிந்தது. இனிச் சாமான்களைக் கொண்டு வந்து வைக்க வேண்டியதுதான் என்று நாச்சிமுத்து தலைத்துண்டை இறுக்கிக் கட்டினார். செங்கோடன் ஓட்டமாக ஓடத் தயாராக நின்றான். அப்போது குட்டியப்பன் கதவைத் தடவிப் பார்த்துக்கொண்டே ஒரு சந்தேகம் கேட்டான்.

"அண்ணா, இது சாளையா, ஊடா?"

"சாளைதான். நாமதானே போட்டோம்?"

"கதவு ஊட்டுக் கதவு. ஓடு ஊட்டு ஓடு. சொவரும் ஊட்டுச் சொவருதான். எல்லாம் ஊடா இருக்கறப்ப, இது மட்டும் எப்படீங்க சாளை ஆகும்?"

நாச்சிமுத்து தலைத்துண்டை அவிழ்த்துவிட்டுக் கீழே உட்கார்ந்தார். கதவை ஒரு தடவை திறந்து மூடச் சொன்னார். கிறீச்சென்று அதே சத்தம். அது செங்கோடன் வீடுதான், சந்தேகமில்லை.

"அப்ப சாமானத்தை இதுக்குள்ள கொண்டாந்து வெச்சா, ஊட்டுக்குள்ள வெச்ச மாதிரிதானே ஆகும்" என்றார் கவலையோடு. "அந்தப் புள்ள வரமாட்டாளே."

செங்கோடன் ஒரு மாதம் எறும்புக்கடியில் படுத்துக் கிடந்தது வீணாகப் போயிற்றா? கல்யாணம் பண்ணிப் பார், வீட்டைக் கட்டிப் பார் என்பார்கள். அவன் ஒன்றுக்காக மற்றதைப் பிரித்துக் கட்டியும் ஆயிற்று, கடைசியில் இரண்டும் இல்லை என்று ஆகிவிடும் போலிருந்தது. அவன் பாவாத்தா சொன்னதை ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான். சாமானமும் ஊடும் என்றைக்குப் பிரிகிறதோ அன்றைக்கு.

சொல்லச் சொல்ல அவன் முகம் மலர்ந்தது. சாமான் எல்லாம் ஊருக்குள் இருக்கிறது. வீடு தோட்டத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு வாய்க்கால், இரண்டு வரப்பு, சோளக்காடு. இதைவிட எப்படிப் பிரிவது? அவன் மூவரையும் கட்டிக்கொண்டு, நாளைக் காலை முதல் பஸ்ஸில் போய் அவளைக் கூட்டி வந்துவிடுகிறேன் என்றான். மேஸ்திரி தொழில் தெரிந்தவர், அவர் சொன்னபடி செய்தால் எல்லாம் கூடி வந்துவிடும் என்றார் நாச்சிமுத்து.

மறுநாள் அண்ணன் வீட்டில் பாவாத்தா மூன்று தடவை கேட்டாள். உண்மையாகவே பிரிந்துவிட்டதா? உண்மையாகவே. வீட்டுக்குள் ஒரு மண்வெட்டிகூட இல்லையா? மாரியாத்தா சத்தியமாக ஒன்றும் இல்லை. புண்ணாக்கு மூட்டை? அதுவும் இல்லை. பாவாத்தாவின் அண்ணன், பொய்யாக இருக்குமோ என்று தங்கையைப் பார்த்தான். இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது அண்ணா, அதுதான் கஷ்டமே என்றாள் அவள். பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள்.

பஸ்ஸை விட்டு இறங்கித் தெரு திரும்பியதும் அவள் நின்றாள். சிமெண்டுத் தரை ஒன்று வானத்தைப் பார்த்துக் கிடந்தது. அதன் மேல் மண்வெட்டிகள், டேங்க், பைப்புச் சுருள், மூட்டை எல்லாம் வைத்தது வைத்தபடி, அவள் விட்டுப் போன இடத்திலேயே இருந்தன. கடப்பாரை மூலையில் கிடந்தது, மூலையைத்தான் காணோம்.

"ஊடு எங்கீங்க?" என்றாள்.

"தோட்டத்துல" என்றான் செங்கோடன். "பிரிச்சுட்டோம்."

அவள் வரப்பு வழியாக நடந்தாள். அவன் இரண்டடி தள்ளிப் பின்னால் போனான். தோட்டத்தில் மூன்று பங்காளிகளும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவள் அவர்களைத் தாண்டிப் போய்த் தன் வீட்டுக் கதவைத் தொட்டாள். அண்ணாந்து தன் கல்யாண ஓட்டைப் பார்த்தாள். கோணலாக நின்ற சுவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவள் இப்போது திரும்பிப் போய்விட்டால் தன்னால் தாங்க முடியாது என்று செங்கோடனுக்குத் தெரிந்தது.

பாவாத்தா உள்ளே போனாள். நாலு மூலையும் காலியாக இருந்தது. கையை வீசி நடந்து பார்த்தாள், எதிலும் இடிக்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகத் தன் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. கொஞ்ச நேரம் இரண்டையும் செய்தாள்.

"சரி, அடுப்புக் கல்லைக் கொண்டாங்க" என்றாள். "பசிக்குதா?"

அந்த ஒரு சொல்லுக்காக ஒரு மாதம் காத்திருந்தவன் செங்கோடன். அவன் ஓடிப் போய்க் கல் கொண்டு வந்தான், விறகு கொண்டு வந்தான், தண்ணீர் கொண்டு வந்தான். சோறு கொதித்து, ரசம் தாளிக்கும் வாசம் எழுந்த நேரத்தில் வெளியே இருட்டிக்கொண்டு வந்து, எட்டு மாதமாகப் பெய்யாத மழை சேர்த்து வைத்துப் பிடித்துக்கொண்டது. செங்கோடன் தட்டின் முன் உட்கார்ந்து முதல் கவளத்தை வாயில் வைத்தான். இத்தனை நாள் தின்ற மூன்று வீட்டுச் சோறும் இதன் காலடி மண்ணுக்கு ஈடாகாது என்று நினைத்தான்.

அப்போது மூன்று பங்காளிகளும் தொப்பலாக நனைந்து உள்ளே ஓடி வந்தார்கள். ஊருக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார்கள்.

"செங்கோடா, அங்க சாமானமெல்லாம் நனையுதப்பா" என்றார் நாச்சிமுத்து. "புண்ணாக்கு கரைஞ்சு ஓடுது. அதுகளுக்கு அந்த எடத்துலயே ஒரு சாளை போட்டாகோணும்."

"காசு?" என்று கேட்டான் செங்கோடன்.

"காசெதுக்கு? மேஸ்திரிதான் அன்னிக்கே வழி சொல்லீட்டாரே. சும்மா கெடக்கறதை எடுத்துப் போட்டுக் கட்டவேண்டியதுதான்."

மூவரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து ஓட்டைப் பார்த்தார்கள். கரண்டி பிடித்த பாவாத்தாவின் கை அப்படியே நின்றது. மேலே மழை தடதடவென்று கொட்டிக்கொண்டிருந்தது. கடைசியில் குட்டியப்பன்தான் தலையை ஆட்டினான்.

"இப்ப முடியாதுங்கண்ணா. ஓடு வேலையா இருக்குது."

நாச்சிமுத்து காது கொடுத்துக் கேட்டார். உண்மைதான். ஓடு மும்முரமாக வேலை செய்துகொண்டிருந்தது. வேலை செய்வதைத் தொடுவது முறையில்லை.

"அப்ப மழை நிக்கட்டும்" என்றார். "நின்னதும் ஓடு சும்மாத்தானே இருக்கும்? அப்பறமாப் பிரிச்சுக்கலாம்."

அதுதான் சரி என்றான் மாரப்பன். சோற்றை விழுங்கிவிட்டு, கூட மாட ஒத்தாசைக்கு நானும் வருகிறேன் என்றான் செங்கோடன். அதுவரை நனைவானேன் என்று மூவரும் ஓரமாக உட்கார்ந்து, ஆளுக்கொரு தட்டு கேட்டார்கள். பாவாத்தா எல்லாருக்கும் ரசம் ஊற்றினாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி, இந்த மழை பங்குனி வரைக்கும் நிற்காமல் பெய்தால் கிடா வெட்டிப் பொங்கல் வைக்கிறேன் என்று மாரியாத்தாவுக்கு வேண்டிக்கொண்டாள். பின்னால் நாலு பங்காளிகளும் கண்ணை மூடிக் கைகூப்பி, மழை சீக்கிரம் நிற்க வேண்டும், சாமானெல்லாம் நனைகிறது என்று அதே மாரியாத்தாவை வேண்டிக்கொண்டிருந்தார்கள்.